எழுந்து போன நடுவர்

எல்ம்கிரீக், இல்லினாய்
ஆகஸ்ட் 24

அன்புள்ள ரஸ் அண்ணனுக்கு,

ட்ரூடி எழுதுகிறேன். கை கால் சுகம், முதுகு மட்டும் என்னோடு பேசுவதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இன்ஜின் அறைச் சூட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? காது அடைப்பு சரியாகிவிட்டதா?

இங்கே பரங்கிக்காய் அடைக்கிற டப்பா ஆலையைத் திறந்துவிட்டார்கள். ஊர் முழுக்க வேகவைத்த பரங்கிக்காய் நாற்றம். காரில் வருகிற வெளியூர்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி மூக்கை விரித்து ரசிக்கிறார்கள். அதற்குள்ளேயே ஷிஃப்ட் முழுக்க நின்று பார்க்கட்டும். இந்த வருஷம் ஆலையில் நிரந்தர ஆள் என்று மேலாளரும் அவருடைய நாயும்தான் மிச்சம். நாங்கள் எல்லோரும் சீசன் ஆட்கள். உன்னை மட்டும்தான் அப்படி ஆக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. நடீன் அண்ணியைச் சீசனுக்குக்கூடக் கூப்பிடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து மலிவுக் கடையில் பில் போடுகிறார்.

எழுத வந்தது இதுதான். அக்டோபர் திருவிழாவில் கிரெய்க் பெண்ட்லி ஒரு பரங்கி பீர்ப் போட்டி வைக்கிறான். பழைய தீவனக் கிடங்கை வாங்கி பீர் காய்ச்சி விற்கிற அந்த சிகாகோக்காரன். வீட்டில் காய்ச்சுகிற யாரும் கலந்துகொள்ளலாம். ஜெயித்த பீரை அவன் தன்னுடைய பெரிய டாங்கில் காய்ச்சி விற்பான். குளிர்காலத்தில் பியோரியா போய் நான் நடுவர் பரீட்சை எழுதினேன் இல்லையா, அதனால் என்னையும் மேசையில் உட்காரச் சொல்லியிருக்கிறான்.

நேற்று பில் போட்டுக்கொண்டே அண்ணி சொன்னார்: "நானும் குடுக்கப் போறேன் ட்ரூடி. எதுன்னு உங்கிட்ட சொல்ல மாட்டேன். நீயும் நோண்டாத."

நான் நோண்டவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் முடியவில்லை. உன்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
ட்ரூடி

---

டெட்ராய்ட் ஆற்றில், கப்பலிலிருந்து
செப்டம்பர் 5

அன்புத் தங்கச்சி ட்ரூடிக்கு,

ரஸ் எழுதுவது. காது சரியாகிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சமையல்காரர் ஃப்ளாய்ட் எதைச் செய்தாலும் மேலே சீஸ் போடுகிறார். உன் முதுகுக்கு மருத்துவரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல் ஐஸில் உறைந்த பட்டாணிப் பையை முதுகில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாயா?

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. தபால் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வரும், நாங்கள் கயிற்றில் வாளியை இறக்குவோம். இன்று வாளியில் ஒரே ஒரு கடிதம், அதுவும் எனக்கு. மாலுமிகள் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். போனில் பேசலாமே என்று கேட்பாய். ஏரி நடுவில் சிக்னல் கிடையாது. கரையோரம் கிடைக்கும்போது நடீனைக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. உன்னைக் கூப்பிட்டால் திட்டுகிறாய். கடிதத்தில் கொஞ்சம் யோசித்தாவது திட்டுகிறாய்.

ட்ரூடி, அவள் பீர் காய்ச்சுகிறாள் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மார்ச்சில் நான் கிளம்பிய இரவு உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் "கப்பல்ல சேந்துட்டேன், கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். அவள் கத்தவில்லை. தட்டைக் கழுவிவிட்டு, "போயிட்டு வா. ஜனவரில ஏரி ஒறஞ்சு கப்பல் நிக்கும்ல, அப்ப பாக்கலாம்" என்றாள். அந்த 'பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல்தான் இத்தனை மாதமாக எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் எந்த வீட்டுக்குப் போவது என்று எனக்குத் தெரியாது.

கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நாங்கள் ஒரே பரங்கி பீர்தான் காய்ச்சினோம். பட்டை, ஜாதிக்காய், கொஞ்சம் இஞ்சி, கை நிறையக் கிராம்பு. கிராம்புதான் அதன் உயிர். அதை அவள் இப்போது தனியாகக் காய்ச்சுகிறாள் என்றால், என்னை முழுசாக வெட்டிவிடவில்லை என்றுதானே அர்த்தம்?

நான் சொன்னதாக அவளிடம் எதுவும் சொல்லாதே.

அன்புடன்
ரஸ்

---

எல்ம்கிரீக்
செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தான். பட்டாணிப் பைதான் வைத்தியம். ஃப்ளாய்டுக்கு என் வணக்கம், சீஸைக் குறைக்கச் சொல்.

அண்ணி பெரிய பானை கேட்டு வந்தார். என் பழைய பானையை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சமையலறைத் தரையெல்லாம் பரங்கிக்காய். நம் வயல்களில் விளைகிற அதே நீண்ட வெளிர்மஞ்சள் ரகம், கண்ணும் வாயும் வெட்டிப் படத்தில் சிரிக்கிற ஆரஞ்சு உருண்டை அல்ல. பறிக்கிற கூலி ஆட்களின் பஸ் போனபிறகு வயலில் மிச்சம் கிடந்ததைப் பொறுக்கி வந்தாராம். பாதியாக வெட்டி ஓவனில் விளிம்பு கருகும்வரை சுட்டுக்கொண்டிருந்தார். "பெண்ட்லியோட பரங்கி பீர்ல பரங்கியே கெடையாது தெரியுமா? பாட்டில் சாறு. வாசனைய ஊத்திட்டு படத்த ஒட்டிடறான்" என்றார். பிறகு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். நான் நடுவராம், நிற்கக் கூடாதாம்.

ஒழுங்கு அதுதான். எல்லா பீரும் பெயர் ஒட்டாத பழுப்பு பாட்டிலில் வரும். மூடியில் எண் மட்டும் இருக்கும். ஐம்பது மதிப்பெண்ணுக்கு நாங்கள் போடுவோம். யாருடைய பீர் என்று ஒரு நடுவருக்குத் தெரிந்துவிட்டால், அந்த நடுவர் எழுந்து வெளியே போக வேண்டும், வேறொருவர் அந்தக் கோப்பையைப் பார்ப்பார். அண்ணியின் பீர் வந்தால் நானும் எழுந்து போவேன். அண்ணிக்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப் போடமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எல்லாமே யார் யாருக்குச் சொந்தம் என்று பார்த்துத்தான் நடக்கிறது. இது ஒன்றாவது நாக்கால் நடக்கட்டும்.

நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. பீரை வைத்து ஒரு பெண்ணின் மனசைப் படிக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கோபப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

ட்ரூடி

---

டுலூத் துறைமுகம்
செப்டம்பர் 29

அன்பு ட்ரூடி,

சுகம். நேற்று சுப்பீரியர் ஏரியில் நல்ல காற்று. ஃப்ளாய்டின் சூப் பானை தரையில் உருண்டு, சூப் என் பூட்ஸுக்குள் போனது. அதிலும் சீஸ்.

நீ கூட்டிப் போட வேண்டாம். முதல் பரிசும் வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் பீர் கோப்பையில் வந்தால் உனக்குப் பார்க்காமலே தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கிராம்பு மூக்கில் ஏறும். அதைக் கண்டதும் நீ எழுந்து போய்விடுவாய் இல்லையா, அந்தச் சேதியை மட்டும் எனக்கு எழுது. ஒரு வரி போதும்.

இங்கே கப்பலில் ஒரு சொட்டு மது கூடாது. பிடிபட்டால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள். அதனால் பாட்டில் எதுவும் அனுப்பிவைக்காதே. மாலையில் வேலை முடிந்து தளத்தில் நிற்கும்போது அந்த வாசனையை நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அது சட்டத்தில் தப்பில்லை.

அண்ணன்
ரஸ்

---

எல்ம்கிரீக்
அக்டோபர் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. போட்டி முடிந்துவிட்டது. நேராக விஷயத்தைச் சொல்கிறேன்: அண்ணிக்குத்தான் முதல் பரிசு.

தீயணைப்பு நிலையத்து ஹாலில் நடந்தது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டிருந்தார்கள். எனக்கு ஜோடி நடுவர் எமில் யூங், நம் தெருவுக்குத் தபால் போட்டவர். சின்ன பிளாஸ்டிக் கோப்பை, நடுவில் வாயைக் கழுவ உப்பில்லா பிஸ்கட், தண்ணீர். முதலில் வந்ததெல்லாம் கொடுமை. ஒன்று மெழுகுவத்தியைக் கரைத்ததுபோல் இருந்தது. இன்னொன்றைக் குடித்துவிட்டு எமில், "இது பீர் இல்லம்மா. என் மருமக பீரோவுல போட்டு வெப்பாளே, வாசனப் பொட்டலம், அது" என்றார். பட்டையை அள்ளிக் கொட்டினால் பரங்கி ஆகிவிடும் என்று இந்த ஊரிலேயே, பரங்கிக்காய் நாற்றத்தில் பிறந்தவர்களே நம்புகிறார்கள்.

நடுவில் ஒரு கோப்பை வந்தது. மூக்கருகே கொண்டுபோகவில்லை, அதற்குள் கிராம்பு. நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்னம்மா, பாத்ரூமா?" என்றார் எமில்.

"இல்ல. இது எனக்குத் தெரிஞ்ச வீட்டு பீர்."

"அப்ப நட, நட. காத்து வாங்கு."

வாசலில் தீயணைப்பு வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். எழுந்து போனேன்.

மேடையில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பெண்ட்லி நீல ரிப்பனைக் கொடுத்துவிட்டு மைக்கில், "இப்ப நடீன் தன்னோட செய்முறைய நமக்குக் குடுப்பாங்க" என்று கையை நீட்டினான். காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணம். அண்ணி மைக்கைப் பிடித்தார்.

"குடுக்கறேன் கிரெய்க். காய்ச்சறது யாரு?"

"எங்க ஆளுங்க பாத்துப்பாங்க."

"ஒங்க ஆளுங்க பரங்கிக்காயப் பாத்திருக்காங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சீசன் ஆட்கள் பின்வரிசையில் பெஞ்சைத் தட்டினார்கள். அண்ணி சிரிக்கவில்லை. "செய்முற வேணும்னா நானும் சேந்து வருவேன். சம்பளத்துக்கு. சீசனுக்கு இல்ல, வருஷம் முழுக்க. இல்லன்னா ரிப்பன வெச்சுக்க, நான் பஸ்ஸுக்குப் போகணும்." மேயர், பத்திரிகைக்காரப் பெண் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் பரங்கி நிறத்துக்குப் போய் வெள்ளையாகித் திரும்பி வந்தது. சரி என்றான். திங்கட்கிழமையிலிருந்து அண்ணிக்கு அங்கே வேலை.

தொண்டை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

ட்ரூடி

---

சூ கால்வாய், மிச்சிகன்
அக்டோபர் 22

என் அருமைத் தங்கச்சிக்கு,

தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி. எனக்கு எந்த நோயும் இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை.

உன் கடிதத்தை ஃப்ளாய்டுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மைக் கட்டம் வந்ததும் அவர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "இந்தப் பொம்பளைய விட்டுட்டா கப்பலுக்கு வந்த? ஒனக்கு மூளைக்குப் பதிலா என்னடா இருக்கு?" என்றார். "சீஸ்" என்றேன்.

நீ எழுந்து போனாய். எங்கள் பீர் ஜெயித்தது. ட்ரூடி, இதைவிட எனக்கு என்ன வேண்டும்? அவள் தனியாக இருந்தும் அதையேதான் காய்ச்சினாள். நடீனுக்கும் கடிதம் போட்டுவிட்டேன். நம் பீர் ஜெயித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்றும், ஜனவரியில் கப்பல் நின்றதும் நேராக வீட்டுக்கு வருகிறேன் என்றும் எழுதினேன். அடுத்த வருஷத்துக்குக் கிராம்பைக் கொஞ்சம் கூட்டலாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ வெளியே போனபிறகு எமில் அந்தக் கிராம்பைப் பற்றி என்ன சொன்னார்? வார்த்தை மாறாமல் எழுது.

அன்புடன்
ரஸ்

---

எல்ம்கிரீக்
நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? பதில் தாமதமாகிவிட்டது. ஆலையில் கடைசி லோடு, ஓவர்டைம். பத்தாம் நம்பர் பெல்ட் அறுந்து, எல்லோரும் கையால் வாரிப்போட்டோம். மெக்கானிக்காக இருந்த உன்னைச் சீசன் ஆளாக்கி விரட்டிவிட்டுப் பெல்ட் ஏன் அறுகிறது என்று கூட்டம் போட்டார்கள். உன் பெயர் அடிபட்டது. நான் எழுந்து, "அவரு இப்ப தண்ணில இருக்காரு, வாளிய எறக்கிக் கூப்புடுங்க" என்றேன்.

முதுகு பரவாயில்லை. எமிலின் பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது. முதல் பனி விழுந்துவிட்டது. என் வீட்டுப் பின்னறைக் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன், ஜனவரியில் நீ வேண்டும்போது வந்து படுக்கலாம். கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன்.

அண்ணி நன்றாக இருக்கிறார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டாங்க் கழுவுகிறார். பெண்ட்லியை அதட்டுகிறார்.

குளிரில் தலையை மூடிக்கொள்.

ட்ரூடி

---

டெட்ராய்ட் ஆறு
நவம்பர் 18

ட்ரூடி,

சாக்ஸ் வந்தது. நன்றி. அளவு சரி.

எமிலின் பேரனுடைய பல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது கிராம்பைப் பற்றி. எனக்கு உன் வீட்டில் மெத்தை எதற்கு? நான் வீட்டுக்குப் போகிறேன் என்றுதானே எழுதினேன்? நடீனிடமிருந்தும் பதில் இல்லை.

சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பாவிடம் வானிலை பற்றிப் பேசுவாயே, அது மாதிரி இருக்கிறது இந்தக் கடிதம். என்ன உடைந்தது என்று சொல்லிவிடு.

ரஸ்

---

எல்ம்கிரீக்
நவம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உட்கார்ந்து படி. உடம்பு எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று நான் எழுந்துபோன பீர் அண்ணியுடையது இல்லை. பல் டாக்டர் ஹாக்ஸ்டெட்டருடையது. அவர் கிராம்பே போடவில்லை. கழுவாத ரப்பர் குழாயில் பீரை ஊற்றியிருக்கிறார். அழுக்கில் ஒளிந்திருக்கிற காட்டு ஈஸ்ட் உள்ளே போனால் பீரில் கிராம்பு வாசனை அடிக்கும். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த முதல் பாடமே அது. நீ எழுதி எழுதி என் மூக்கில் ஏற்றியிருந்த கிராம்பு அதை மறக்கடித்துவிட்டது. எமில் சொன்னதை வார்த்தை மாறாமல் கேட்டாய், இதோ: "யாரு வீட்டு பீருன்னு ஓடுன? பல் புடுங்கற நாற்காலில ஒக்காந்தா மாதிரி இருக்கு." முடிவு அறிவித்தபோது யாருடையது என்று தெரிந்து, அவர் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார்.

அண்ணியின் பீர் அதற்கு அப்புறம் வந்தது. அண்ணி பரங்கி சுட்டதைக் கண்ணால் பார்த்திருந்தும், அவருடையதுதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று, யாரோ தெரியாதவர் காய்ச்சியதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்து குடித்தேன். சுட்ட பரங்கி, கருகின விளிம்பு, கடைசியில் மெல்லிசாக இஞ்சி. ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று நான் போட்டேன், எமில் நாற்பத்து நான்கு. அந்த வாசனைக்குள் நின்று வேலை பார்த்தும், பரங்கிக்காய் இவ்வளவு நல்ல காய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணிக்குக் கூட்டிப் போடமாட்டேன் என்று உன்னிடம் வாய் கிழியப் பேசினேன். கடைசியில் விதியை மீறி அண்ணியின் பீருக்கே மதிப்பெண் போட்டிருக்கிறேன். அவருடையது என்று தெரியாமல் போட்டதால் மனசு உறுத்தவில்லை.

அதில் கிராம்பு இல்லை, அண்ணா. ஒரு துளிகூட இல்லை. அது உங்கள் பீர் இல்லை.

பரிசு அறிவித்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு எழுதும்போது கை போகவில்லை. எழுந்து போனேன் என்ற உண்மையை மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை விழுங்கினேன். நீ அவ்வளவு சந்தோஷமாகப் பதில் எழுதுவாய் என்று நினைக்கவில்லை.

மெத்தை இன்னும் இருக்கிறது.

உன் ட்ரூடி

---

எல்ம்கிரீக்
நவம்பர் 26

ரஸ்,

சுகமாக இருக்கிறாய் என்று ட்ரூடி சொன்னாள். நானும் சுகம். கையெல்லாம் டாங்க் கழுவுகிற மருந்தில் உரிந்திருக்கிறது, மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றும் கோபமாக வந்தது. இப்போது கோபம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் பீர் என்று எழுதியிருந்தாய். அது உன் பீர், ரஸ். எப்போதும் அது உன் பீராகத்தான் இருந்தது. எனக்குக் கிராம்பு பிடிக்காது. முதல் வருஷமே சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்காது. "கொஞ்சம் பழகிக்க, அப்பறம் நீயே கேப்ப" என்றாய். பழகவில்லை. வருஷா வருஷம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தேன். அதில் உன் தப்பு பாதி, என் தப்பு பாதி. என்னை ஆலையில் சேர்த்ததும் நீ, சமையலறைக்கு மஞ்சள் அடித்ததும் நீ, கப்பலில் சேர்ந்ததும் நீ. எதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாம் முடிந்தபிறகு சிரித்துக்கொண்டே வந்து சொல்வாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சரி என்பேன்.

நீ போனபிறகு முதல் சில வாரம் அழுதேன். அப்புறம் பசித்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன், சட்டென்று தெரியவில்லை. முப்பத்தாறு வயதில் இது வெட்கக்கேடு. ஒவ்வொன்றாகச் செய்து தின்று பார்த்தேன். பீர் அப்படி வந்ததுதான்.

உன் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. இருக்கிறது, அதுதான் தொல்லை. ஆனால் ஜனவரியில் பையைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வராதே. வருகிறேன் என்று எழுதியிருந்தாயே தவிர, வரட்டுமா என்று எழுதவில்லை.

கடலோ ஏரியோ, தண்ணீர்ப் பக்கம் பார்த்து நட.

நடீன்

---

டுலூத் துறைமுகம்
டிசம்பர் 9

அன்புள்ள நடீனுக்கு,

நான் சுகம். கைக்கு ஆட்டுக் கொழுப்புக் களிம்பு பூசு, இங்கே எல்லோரும் அதைத்தான் பூசுகிறோம். பூசு என்று சொன்னது யோசனைதான். வேண்டாம் என்றால் விடு.

உன் கடிதமும் ட்ரூடியின் கடிதமும் ஒரே வாளியில் வந்தன. முதலில் ட்ரூடியுடையதைப் படித்தேன். பல் டாக்டர் கட்டத்தில் சிரித்துவிட்டேன், கொஞ்ச நேரம் கழித்துத்தான் முழுசாக உறைத்தது. பிறகு உன்னுடையதை எடுத்துக்கொண்டு இன்ஜின் அறைக்குப் போய்விட்டேன். அங்கே சத்தத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

முதல் வருஷம் நீ பிடிக்காது என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல வரவில்லை. நீ மூக்கைச் சுருக்கினாய், நான் அது அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிட்டேன்.

நாற்பத்து மூன்றும் நாற்பத்து நான்கும் வாங்குகிற கை என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. வேலையும் உன் வாயால் நீயே வாங்கியிருக்கிறாய். ஆலை மேலாளர் என்னைச் சீசன் ஆள் ஆக்கியபோது நான் தலையாட்டிவிட்டு வந்தேன். நீ மைக்கைப் பிடித்துக் கேட்டாய். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால், "வா நடீன், ரிப்பன் போதும்" என்று உன்னைக் கீழே இறக்கியிருப்பேன். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இப்போது ஒரு விஷயம். கப்பல் ஜனவரி நடுவில் விஸ்கான்சினில் ஸ்டர்ஜன் பே பட்டறைக்குப் போகிறது. இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் குளிர்காலம் முழுக்க வேலை பார்க்க ஆள் எடுக்கிறார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள். மார்ச் கடைசி வரை. நல்ல வேலை. காகிதம் என் அலமாரியில் இருக்கிறது. வருஷம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

கையெழுத்துப் போடவில்லை. ஃப்ளாய்ட் தினமும், "என்னடா, பேனாவுல மை இல்லியா?" என்று கேட்கிறார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

நான் அங்கே இருக்கட்டுமா, எல்ம்கிரீக் வரட்டுமா? வந்தால் ட்ரூடி வீட்டில்தான் படுப்பேன். எது என்றாலும் சொல். நீ சொல்வது எனக்குப் பிடிக்காமல் இருக்கலாம், அதையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

ரஸ்

---

எல்ம்கிரீக்
டிசம்பர் 17

அன்புள்ள ரஸ்,

சுகம். களிம்பு வாங்கினேன். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கை ஆறுகிறது.

உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பனியில் நின்றே படித்தேன். அந்த வழியாகக் காரில் வந்த எமில், வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றார். "இல்ல, ஒரு கேள்வி" என்றேன். "அதுக்கு எதுக்கு அழுவுற, பதில் சொல்ல வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். நீ வந்துவிடு என்று எழுதத்தான் முதலில் கை போனது. நீ வந்தால் நான் ஒரு வாரத்தில் உனக்குப் பிடித்ததைச் சமைக்க ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

அதனால் கையெழுத்துப் போடு.

பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பீர் ஆலை மூடியிருக்கும், சாவி என்னிடம் இருக்கிறது. உனக்கு லீவு கிடைக்கிற ஞாயிறு எது என்று எழுது, பஸ் நிலையத்துக்கு நான் வருகிறேன். புதிதாக ஒன்று காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், பரங்கி இல்லை, வேறு. என்ன என்று சொல்லமாட்டேன். ஊற்றித் தருகிறேன், குடித்துப் பார். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லு. எனக்குப் பிடித்திருக்கிறது.

நடீன்